மெய்யம்மை மேடத்தின் மூன்றாம் பயிற்சி

முரல் கடலடி நிலையம். பதிவு எழுதுபவர்: ஜெசிந்தா பர்னாந்து, முனைவர் பட்ட ஆய்வாளர். இந்தப் பதிவு ஆரஞ்சுப் பெட்டியில் தானாகச் சேமிக்கப்படும். பெட்டியைக் கண்டெடுப்பவர் கரையில் ஒப்படைக்கவும்.

செவ்வாய், காலை 7:10

ஆழம் நூற்றெண்பது மீட்டர். காற்று சரி. மின்கலம் சரி. அடி வாசலில் தண்ணீர் மட்டம் சரி. (நிலையத்தின் தரையில் கடலுக்குத் திறந்த ஒரு வட்ட வாசல் உண்டு. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் கடலை அதன் விளிம்போடு நிறுத்தி வைக்கிறது.)

வெளியே மண்ணில் நட்டிருக்கும் ஆறு அழுத்தமானிகளில் ஐந்து ஒழுங்கு. மண்ணுக்கு அடியில் அடைபட்டிருக்கும் வாயு எவ்வளவு முட்டுகிறது என்று அவை சொல்லும்; அதுதான் என் ஆய்வு. நான்காவது மட்டும் வழக்கம்போல் 77.7 என்று காட்டிக்கொண்டு நிற்கிறது. அடித்தாலும் 77.7, அணைத்து எழுப்பினாலும் 77.7. அதை நட்டவள் ஹமீதா. ஒரே ஆய்வகம், விடுதியில் ஒரே அறை, காயல்பட்டினத்துக்காரி. கம்பியைத் தப்பாகப் பற்றவைத்துவிட்டு, “அதுக்கு அந்த நம்பர் புடிச்சிருக்கு, உட்ரு பிள்ளே” என்று சொன்ன மகராசி.

என்னோடு இருந்த தேவசகாயம் அண்ணன் காதுவலி தாங்காமல் போன வாரக் கூண்டில் மேலே போய்விட்டார். கூண்டு என்பது கப்பலில் இருந்து கம்பியில் இறக்கும் இரும்பு உருண்டை. அது இல்லாமல் நான் இங்கிருந்து கிளம்ப முடியாது. இந்த ஆழத்து அழுத்தத்தில் உடம்பு ஊறிப்போயிருக்கிறது. நீந்தி மேலே போனால் சோடா பாட்டிலைத் திறந்த கதைதான்.

வியாழன் காலை கப்பல் வருகிறது. அதுவரை நானும் மீன்களும்.

செவ்வாய், காலை 11:30

பயிற்சியைப் பற்றியும் எழுதித்தான் ஆகவேண்டும். அறிவியலைப் பொதுமக்களுக்குச் சொல்லும் பயிற்சி. ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் கட்டாயம். முடிக்காவிட்டால் பட்டம் கிடையாது. நடத்துபவர் மெய்யம்மை மேடம். முன்பு வானொலியில் இருந்தவர், நல்ல மனுஷி, ஆனால் எதை எடுத்தாலும் மதிப்பெண் போடாமல் விடமாட்டார். நாம் தும்மினாலும், “தொடக்கம் நன்று, முடிவு இழுக்கிறது” என்பார்.

முதல் பயிற்சி: உங்கள் ஆய்வைக் காய்கறிக் கடைக்காரரிடம் விளக்குங்கள். எனக்கு மூன்று மதிப்பெண். இரண்டாவது: ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்குங்கள். அதற்கும் மூன்று. ஹமீதாவுக்கு இரண்டிலும் எட்டு. அவளுக்கு வாய் அப்படி.

மூன்றாவது இது: “நீங்கள் தனியாக ஓர் ஆய்வு நிலையத்தில் இருக்கிறீர்கள். ஓர் ஆபத்து. அபாயச் செய்தி அனுப்பி எங்களை நம்ப வையுங்கள்.” மற்றவர்கள் விடுதிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கற்பனை செய்கிறார்கள். நான் நிஜமாகவே நிலையத்தில் இருப்பதால் எனக்கு மட்டும் தனிச் சலுகை. கரைக்குப் போகும் கேபிள் தொடர்பை வியாழன் வரை அணைத்துவிட்டார்கள். தலைக்கு மேல் கட்டியிருக்கும் செய்திமிதவை வழியாக மட்டும்தான் பேசலாம். நான் அனுப்பும் ஒரு செய்திக்கு நூற்றறுபது எழுத்து. அது நேரே பயிற்சி வகுப்புக்குப் போகும், வேறெங்கும் போகாது. சுருக்கிச் சொல்லப் பழகவேண்டுமாம். துறைத்தலைவரும் தலையாட்டிவிட்டார்.

வியாழன் அன்று நிறைவு விழா. பன்னிரண்டு மாணவர்களும் மேடமும் கப்பலில் வந்து எனக்கு நேர் மேலே நங்கூரமிட்டு, பள்ளிக்கூடங்களுக்கு நேரலை நடத்தப்போகிறார்கள்.

யோசிக்கச் சோம்பலாக இருந்தது. என் ஆய்வில் இருந்தே ஒன்றை உருவி அனுப்பிவிட்டேன்:

“நிலையத்தின் அடியில் வாயு அழுத்தம் ஏறுகிறது. மண் வெடித்தால் கடல் நுரைத்துக் கப்பல் மூழ்கும். இங்கே வராதீர்கள். இது பயிற்சி அல்ல.”

போதும். மதியச் சாப்பாடு டப்பா மீன். கடலுக்கு அடியில் உட்கார்ந்து டப்பா மீன் தின்கிற தலையெழுத்து.

புதன், காலை 9:00

அழுத்தமானிகள் ஒழுங்கு. நான்கு: 77.7. மேடத்தின் பதில் வந்தது.

“ஜெசிந்தா, தகவல் இருக்கிறது, பயம் இல்லை. உங்களுக்கே பயமில்லாதபோது எங்களுக்கு எப்படி வரும்? ‘இது பயிற்சி அல்ல’ என்று போன வருடம் எட்டுப் பேர் எழுதினார்கள். எடுத்துவிடுங்கள். நான்கு மதிப்பெண். திருத்தி மறுபடி அனுப்புங்கள். – மெய்யம்மை”

நான்கு. முன்னேற்றம்தான்.

புதன், பிற்பகல் 2:25

நிலையம் ஆடியது. ஒரு நிமிடம் இருக்கும். அலமாரியில் இருந்த அத்தனையும் கீழே. வெளியே லாரியில் ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம், நீளமாக. பிறகு சேற்றுப் புகை. சன்னலுக்கு வெளியே எதுவும் தெரியவில்லை.

எனக்கு அடி இல்லை. நிலையம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. மேசையில் வைத்த பேனா உருள்கிறது.

புதன், பிற்பகல் 3:05

சரிவின் மண் சரிந்திருக்கிறது. மேல் மண் போனதும் அடியில் அடைபட்ட வாயுவுக்கு மூடி மெலிந்துவிட்டது. ஐந்து அழுத்தமானிகளும் ஏறுகின்றன. ஏறிய அளவு ஒரு வருடத்தில்கூட நான் பார்க்காதது. சேறு அடங்கியதும் சன்னல் வழியே பார்த்தேன். மண்ணில் இருந்து குமிழிகள், சரஞ்சரமாக. அடி வாசலிலும் இரண்டு மூன்று வந்து உடைகின்றன. வாசனையே இல்லை. வாசனை இருந்தாலாவது தேவலை.

விதி மசிரும் வேண்டாமென்று கேபிளை இணைத்தேன். செத்துக் கிடக்கிறது. சரிந்த மண் அறுத்திருக்கும். கரையில் யாரும் கவலைப்பட மாட்டார்கள், அணைத்து வைத்ததே அவர்கள்தானே.

புதன், பிற்பகல் 3:20

இப்போதுதான் உறைத்தது. நேற்று விளையாட்டாக எழுதி அனுப்பினேனே, அதுவேதான் இப்போது நடக்கிறது. மாதாவே.

புதன், பிற்பகல் 3:30

அனுப்பியது:

“மேடம், நேற்று எழுதியது கதை. இன்று நிஜம். மண் சரிந்தது, கேபிள் அறுந்தது, சன்னலுக்கு வெளியே குமிழி. கை நடுங்குகிறது. கப்பல் இங்கே வரக்கூடாது.”

மேலே வரும் கப்பலுக்கு உள்ள ஆபத்தை இங்கே விரித்து எழுதி வைக்கிறேன். வாயு ஒரேயடியாக வெடித்து மேலே போனால் கடல் முழுக்க நுரையாகும். நுரை கப்பலைத் தாங்காது. காற்றும் புயலும் வேண்டாம், நின்ற இடத்தில் இறங்கிவிடும். மேலே பதின்மூன்று பேர், மாலுமிகள் தனி. அதில் ஹமீதா ஒருத்தி.

புதன், மாலை 5:10

பதில் வந்தது. படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

“ஜெசிந்தா! இதைத்தான் எதிர்பார்த்தேன். ‘நேற்று எழுதியது கதை’ என்று பழைய வரைவையே கதைக்குள் கொண்டுவந்தது அற்புதம். வகுப்பில் வாசித்தேன், கைதட்டினார்கள். ஒன்பது மதிப்பெண். – மெய்யம்மை”

அடியில் ஹமீதா ஒட்டியிருந்தது: “ஏட்டி, ஒனக்குள்ள இப்பிடி ஒருத்தி இருந்தாளா? எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சி போச்சி. நாளைக்கி ஒனக்குப் புடிச்ச வட்டிலாப்பம் கொண்டாறேன்.”

வட்டிலாப்பம் கொண்டு வருகிறாளாம்.

புதன், மாலை 5:30

மறுபடி அனுப்பினேன். கெஞ்சினேன். திட்டவும் செய்தேன்: “மதிப்பெண்ணைக் குப்பையில் போடுங்கள். நான் நடிக்கவில்லை. என் அம்மா மேல் சத்தியம். கேப்டனிடம் சொல்லிக் கப்பலை நிறுத்துங்கள்.”

புதன், மாலை 6:45

“பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் இருக்கிறீர்கள், சபாஷ். அம்மா மேல் சத்தியம் கொஞ்சம் நாடகம். மற்றபடி அருமை. இனி ஓய்வெடுங்கள். கப்பல் புறப்பட்டுவிட்டது. – மெய்யம்மை”

நான் எவ்வளவு பயந்து எழுதுகிறேனோ அவ்வளவு மதிப்பெண் ஏறுகிறது. இப்படி ஒரு கண்றாவியை எங்கே போய்ச் சொல்வது?

புதன், இரவு 8:00

அபாய மிதவை ஒன்று இருக்கிறது. செய்திமிதவை வேறு, இது வேறு. சிவப்பு நிறம், கூரையில் பூட்டியிருக்கிறது. நெம்பியை இழுத்தால் மேலே போய் விளக்கு மின்னும், அலறும். அதை எந்தக் கப்பல் பார்த்தாலும் நம்பும். யாரும் மதிப்பெண் போடமாட்டார்கள்.

நெம்பியில் கை வைத்தேன். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. அபாய மிதவையைப் பார்த்த கப்பல் என்ன செய்யும்? உயிர் காப்பாற்ற முழு வேகத்தில் நேரே அதன் மேல் வந்து நிற்கும். அதுதான் விதி. என்னிடம் இருக்கும் ஒரே நம்பகமான வாய், “வா” என்று மட்டும்தான் சொல்லும். “வராதே” என்று சொல்லத் தெரியாது.

கையை எடுத்துவிட்டேன். எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. இழுத்தால் எனக்கு ஆள் வரும் என்று உள்ளே ஒருத்தி கத்திக்கொண்டே இருந்தாள்.

வியாழன், காலை 5:50

தூங்கவில்லை. அடி வாசலில் குமிழி நிற்காமல் கொப்பளிக்கிறது. உள்காற்றில் வாயு கலந்துவிட்டதால் முகமூடி போட்டிருக்கிறேன். சாய்வு கூடியிருக்கிறது. தாழ்ந்த பக்கத்தில் தண்ணீர் விளிம்பைத் தாண்டித் தரைக்கு வந்துவிட்டது. பாதம் நனைகிறது.

கடல் ஒலிவாங்கியில் கப்பலின் சத்தம் கேட்கிறது. தூரத்தில், தையல் மிஷின் ஓடுவதுபோல.

வியாழன், காலை 6:30

“காலை வணக்கம்! கேப்டன் வேதநாயகம் எதிரொலிமானியில் உங்கள் நிலையத்தைச் சுற்றிப் பெரிய மீன்கூட்டம் தெரிகிறது என்கிறார். நேரலைக்கு நல்ல காட்சி. எட்டு மணிக்குச் சந்திப்போம். – மெய்யம்மை”

அது மீன் இல்லை. குமிழி. எதிரொலிமானிக்கு இரண்டும் ஒன்றுதான். ஐயோ, ஐயோ, எப்படிச் சொல்வேன்.

வியாழன், காலை 6:50

உட்கார்ந்து யோசித்தேன். அழுதுகொண்டேதான் யோசித்தேன்.

நல்லபடியாகச் சொன்னால் கதை என்கிறார்கள். பயத்தைச் சொன்னால் நடிப்பு என்கிறார்கள். அப்படியானால் எதைக் கதையென்று யாரும் நினைக்கமாட்டார்கள்? கதை எழுதுகிறவள் எதை எழுதமாட்டாள்?

பழுதான கருவியை எழுதமாட்டாள். நானே செவ்வாய்க்கிழமைக் கதையில் அதை எழுதவில்லை. அழகாக ‘அழுத்தம் ஏறுகிறது’ என்று மட்டும் எழுதினேன். இட்டுக்கட்டுகிற எவளும் ஆறில் ஒன்று மட்டும் முட்டாள்தனமாக நிற்பதை நினைத்துக்கூடப் பார்க்கமாட்டாள்.

வெறும் எண்களை அனுப்பினேன். வணக்கம் இல்லை, உவமை இல்லை, ஒரு வார்த்தை விளக்கம் இல்லை. முதல் வரி நேற்று மதியம், இரண்டாவது நேற்று மாலை, மூன்றாவது இப்போது:

“ஹமீதாவுக்கு.
20.1 20.4 19.8 77.7 20.2 20.0
26.3 27.1 25.5 77.7 26.8 26.0
38.9 41.2 37.0 77.7 40.3 39.4”

வியாழன், காலை 7:05

“ஜெசிந்தா, என்ன இது? ஒரு செய்தியில் ஓர் எண்ணுக்கு மேல் வேண்டாம் என்று முதல் நாளே சொன்னேனே. கேட்பவர் ஓடிவிடுவார். இரண்டு மதிப்பெண். – மெய்யம்மை”

அவ்வளவுதான். முடிந்தது.

மிஷின் சத்தம் பெரிதாகிறது.

வியாழன், காலை 7:12

“ஏட்டி. மேடம் ஸ்கிரீன்ல எண்ணைப் பாத்தேன். 77.7ஐ எதுக்கு போட்டே? கதைன்னா அத சரி பண்ணில்ல போட்டுருப்பே. ஏ ஜெசி, இது நெசமா? ஒத்த வார்த்த சொல்லு. – ஹமீதா”

அனுப்பினேன்: “நெசம்.”

வியாழன், காலை 7:20

ஒலிவாங்கியில் சத்தம் நின்றுவிட்டது.

கப்பல் நின்றுவிட்டது! ஏசுவே, நின்றுவிட்டது. முகமூடிக்குள் மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். ஹமீதா, உன் தப்பான பற்றவைப்புக்குக் கோயில் கட்டவேண்டும்.

வியாழன், காலை 7:35

“ஜெசிந்தா, தப்பு பண்ணிட்டேன்ம்மா. நீ கத்துனது எல்லாம் எனக்கு எழுத்தாவே தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிரு. கரைக்குச் சொல்லியாச்சு. கூண்டை எப்படி இறக்குறதுன்னு பேசிக்கிட்டு இருக்காங்க. தைரியமா இரு. – மெய்யம்மை”

முதல் தடவையாக மதிப்பெண் இல்லாத செய்தி.

கூண்டை இறக்க வேண்டுமானால் கப்பல் நேர் மேலே வரவேண்டும். அது அவர்களுக்கும் தெரியும். அதனால்தான் பேசிக்கொண்டு இருக்கிறார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு மேல். பயமாக இருக்கிறது. ஆனாலும் நேற்றைய பயத்துக்கு இது தேவலை, இன்று என்னை நம்புகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

வியாழன், காலை 8:02

மறுபடி ஆடியது. கடுமையாக. நான் சுவரில் போய் விழுந்தேன். இடது கை தூக்க முடியவில்லை. விளக்குகளில் பாதி இல்லை. கூரையில் டமார் என்று ஒரு சத்தம்.

அபாய மிதவையின் பூட்டு பிய்ந்துவிட்டது. மிதவை மேலே போய்விட்டது. நான் இழுக்கவில்லை. நான் தொடவேயில்லை.

வியாழன், காலை 8:09

“சிவப்பு மிதவை தெரிகிறது. கண்ணுக்கு எதிரே ஒரு ஆள் கூப்பிடும்போது நிற்பதற்கு எனக்கு மனசு இல்லை, சட்டமும் இல்லை. வருகிறோம், பொறுத்திரு மகளே. – கேப்டன் வேதநாயகம்”

ஒலிவாங்கியில் மிஷின் ஓடத் தொடங்கிவிட்டது.

மகளே என்கிறார். மகளே என்று சொல்லிக்கொண்டு எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

வியாழன், காலை 8:15

ஐந்து அழுத்தமானிகளில் மூன்று அளவைத் தாண்டிவிட்டன. எந்நேரமும் வெடிக்கும். ஒற்றைக் கையால் தட்டுகிறேன். எழுதி அழித்தேன், எழுதி அழித்தேன். எப்படி ஆரம்பிப்பது, யாருக்குச் சொல்கிறோம், எதில் முடிப்பது என்று மேடம் சொன்னதெல்லாம் தலைக்குள் ஓடுகிறது. நாசமாய்ப் போக. கடைசியில் வாயில் வந்ததையே அனுப்பினேன்:

“ஹமீதா, மெதவ தானா அறுந்துச்சி. நான் கூப்புடல. இப்ப வெடிக்கும். நீங்க வந்தாலும் நான் பொழைக்கமாட்டேன். கேப்டன் கையப் புடிச்சித் திருப்பு பிள்ளே.”

வியாழன், காலை 8:21

பதில் இல்லை. சத்தம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. சன்னல் கண்ணாடி அதோடு சேர்ந்து அதிர்கிறது.

திருப்புங்கள். திருப்புங்கள். திருப்புங்கள்.

வியாழன், காலை 8:26

சத்தத்தின் தொனி மாறியது. நின்றதா? இல்லை, ஓடுகிறது. ஆனால்

குறைகிறது. ஆமாம், குறைகிறது. தூரமாகப் போகிறது.

செய்தி வந்திருக்கிறது: “திருப்பிட்டோம். கேப்டன் அழுவுறாரு. நா ஒன்ன உட்டுட்டுப் போறேன் ஜெசி. உட்டுட்டுப் போறேன்.”

நல்ல பிள்ளை.

வியாழன், காலை 8:31

தண்ணீர் முழங்கால். பெட்டியை மேலடுக்கில் கட்டிவிட்டேன். இதை எடுப்பவருக்கு: மேலே போன கப்பல் பேரில் எந்தக் குற்றமும் இல்லை, நான்தான் போகச் சொன்னேன். அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

மிஷின் சத்தம் இப்போது காதை வைத்தால்தான் கேட்கிறது. அது குறையக் குறைய, வந்துவிடுங்கள், வந்துவிடுங்கள் என்று வாய் தானாகச் சொல்கிறது. நிறுத்த முடியவில்லை. நல்லவேளை, இங்கே வாய் சொல்வது மேலே கேட்காது.

வியாழன், காலை 8:38

சத்தம் கேட்கவில்லை. தூரம் போயிருப்பார்கள். போயிருக்கவேண்டும்.

மண்ணுக்குள் உறுமல். தண்ணீர் முழுக்க நுரை.

ஒன்று: இல்லை
இரண்டு: இல்லை
மூன்று: இல்லை
ஐந்து: இல்லை
ஆறு: இல்லை
நான்கு: 77.7

ஹமீதா, உன்னுடையது மட்டும் இன்னும்